அரைக்கிலோ கல்லுப்பு

அக்கா, இந்தப் பிள்ளையை ஒரு நிமிஷம் வாங்கிக்குங்க. தலைப்பக்கம் பிடிச்சுக்குங்க, அவ்வளவுதான். தூங்குறா, ஒன்னும் பண்ண மாட்டா. நான் இந்தப் பெட்டியை எங்கேயாவது திணிச்சுட்டு வந்துடுறேன்.

அப்பாடா. பின்னாடி டிக்கி திறக்க முடியாதுன்னுட்டாரு கண்டக்டர். பரவாயில்லை, காலை மடக்கி உட்கார்ந்துக்கலாம். நீங்க எதுவரைக்கும்? பெரம்பலூரா. அப்ப நிறைய நேரம் இருக்கு. நான் கீரனூர். இல்லைக்கா, அவ உங்க மடியிலேயே இருக்கட்டும். எடுத்தா முழிச்சுக்குவா. உங்க காலடியில இருக்கிற அந்த எக்ஸ்ரே கவரை வேணும்னா நான் வச்சுக்கிறேன், குடுங்க. பேரு தக்ஷிதா. எல்லாருக்கும் தச்சுதான். ஒன்னே முக்கால் வயசு. நான் இளவரசி.

என்ன, கடலையா? வறுத்த கடலை வேணாம்க்கா. அந்த வாழைப்பழம்னா ஒன்னு குடுங்க, வாங்கிக்கிறேன். தப்பா நினைக்காதீங்க. கடலையில உப்பு இருக்கு, பழத்துல இல்லை. பன்னிரண்டு நாளா இதே பழக்கமாப் போச்சு. கை தானாப் பழத்துப் பக்கம் போகுது.

பெட்டியில கட்டியிருக்கிற அட்டையைப் பார்க்கிறீங்களா? ஆமா, ஏரோப்ளேன் அட்டைதான். லண்டன் போயிட்டு இன்னைக்கு விடியக்காலம்தான் வந்து இறங்கினேன். அதுவும் பிசினஸ் கிளாஸ். சிரிக்காதீங்க, நிஜமாத்தான். நேத்து ராத்திரி காலை நீட்டி, போர்த்திக்கிட்டுப் படுத்து வந்தவ, இப்ப உங்க பக்கத்துல முட்டியைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். ஊர் வரைக்கும் எங்க அண்ணி ஏசி கார் பிடிச்சுக் குடுத்திருந்தாங்க. டிரைவர் என் பேரை அட்டையில எழுதிப் பிடிச்சுக்கிட்டு வாசல்லயே நின்னாரு. நான் அவரைப் பார்த்துக்கிட்டே இந்தப் பக்கமா வந்து, கிளாம்பாக்கம் வந்து, பஸ்ஸைப் பிடிச்சுட்டேன். முன்னபின்ன தெரியாத ஆளை நம்பிப் பெத்த பிள்ளையைத் தூக்கிட்டுக் கார்ல ஏற முடியுமா? காலம் கெட்டுக் கிடக்கு.

சொல்றேன். முதல்ல இருந்து சொன்னாத்தான் புரியும்.

எங்க வீட்டுக்காரர் பேரு வீரமணி. கீரனூர்ல மோட்டாருக்குக் காயில் கட்டுற கடை வச்சிருக்காரு. அவருக்கு ஒரே அக்கா, செல்வராணி. எனக்கு அண்ணி. அம்மா இல்லாத வீட்டுல அவரைத் தூக்கி வளர்த்தவங்க. கல்யாணமாகி லண்டன் போயிப் பதினாறு வருஷமாச்சு. அவங்க வீட்டுக்காரர் ஆனந்தன் அண்ணன் அங்க ஏதோ பாங்கில கம்ப்யூட்டர் வேலை. நல்ல மனுஷன். குறைன்னு பார்த்தா ஒன்னே ஒன்னு, பிள்ளை இல்லை. பார்க்காத வைத்தியமில்லை.

என் வளைகாப்புக்கு அண்ணி லண்டன்ல இருந்து வந்திருந்தாங்க. என் வயித்துல கையை வச்சு, "பொண்ணாப் பொறந்தா எனக்குக் குடுத்துடு, நீ அடுத்தது பெத்துக்க"ன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். பார்த்தா பொண்ணாவே பொறந்துடுச்சு. அதுக்கப்புறம் நான் சிரிக்கலை.

இந்தச் சித்திரையில ஒரு நாள் இவர் கடையில இருந்து வந்து, "அக்கா உனக்கும் புள்ளைக்கும் டிக்கெட் போட்டிருக்காம். பிசினஸ் கிளாஸாம்"ன்னாரு.

"நமக்கு எதுக்குங்க பிசினஸ் கிளாசு? சாதா டிக்கெட்டா எடுத்து மூணு பேரையும் கூப்பிட்டிருக்கலாம்ல?"

"கோடையில நான் எங்கடி வர்றது? ஊரு பூரா மோட்டாரு புகைஞ்சு கிடக்கு. நீ போயிட்டு வா. படுத்துக்கிட்டே போகலாமாம்."

"படுத்துக்கிட்டே போறதுக்கு நான் என்ன சீக்காளியா?"

பக்கத்து வீட்டு வள்ளிக்கண்ணு அக்கா காதுல இது விழுந்துச்சு. வெண்டைக்காய் நறுக்கிக்கிட்டே கேட்டாங்க: "சும்மா யாருடி மூணு லட்ச ரூவாய்க்கு டிக்கெட் எடுப்பா? உனக்கா எடுக்குறா? மடியில இருக்கிறதுக்கு எடுக்குறா." அவ்வளவுதான். ராத்திரி சோறு இறங்கலை எனக்கு.

நானே அண்ணிக்குப் போன் போட்டேன். எனக்கு எதையும் நேராக் கேட்டுடணும். "எதுக்கு அண்ணி கூப்பிடுறீங்க?"ன்னேன். அவங்க, "போன்ல சொல்றதுக்கில்ல இளவரசி. நேர்ல வா, உக்காந்து பேசிக்கலாம். தம்பிகிட்ட கேட்டா அவன் சரின்னுடுவான். நீ சரின்னு சொல்லணும், அதான் எனக்கு வேணும்"ன்னாங்க.

நீங்களே சொல்லுங்க. புருஷன் சரின்னு சொல்லி, பெத்தவளும் சரின்னு சொல்ல வேண்டிய விஷயம் வேற என்ன இருக்கு?

போக மாட்டேன்னு சொல்லியிருக்கலாம்தான். சொன்னா இவர் முகம் சுண்டிடும். தூக்கி வளர்த்த அக்கா. அதனால போறதுன்னு முடிவு பண்ணேன். போறேன், ஆனா கை நனைக்க மாட்டேன்.

உங்க பக்கம் உண்டா இது? எங்க பக்கம் பொண்ணு பார்க்கப் போனா, பேசி முடிக்கிற வரைக்கும் அந்த வீட்டுல இலையில உட்கார மாட்டாங்க. பச்சைத் தண்ணி குடிக்கலாம், பழம் தின்னலாம். உப்புப் போட்டது எதுவும் வாயில வைக்கக்கூடாது. வச்சா சம்மதம்னு அர்த்தம். என்னைப் பார்க்க வந்தப்பவே அப்படித்தான். எங்கப்பா ஆட்டுக்கறி எடுத்துக் குழம்பு வச்சிட்டாரு. இவங்க சித்தப்பா பெரியப்பா எல்லாம் நகை, அது இதுன்னு இழுத்துக்கிட்டே இருக்காங்க. மணி மூணாயிடுச்சு. குழம்பு ஆறிப் போச்சு. நான் உள்ளே அழுகிற மாதிரி நிக்கிறேன். செல்வராணி அண்ணிதான் எழுந்து வந்து, ஒரு இலையை உதறித் தானே போட்டுக்கிட்டு உட்கார்ந்து, "எனக்குப் பசிக்குது. நான் கை நனைக்கிறேன். இந்தப் பொண்ணு எங்க வீட்டுப் பொண்ணு, ஆக வேண்டியதப் பாருங்க"ன்னாங்க. அப்புறம்தான் எல்லாரும் இலையில உட்கார்ந்தாங்க.

அதனால அவங்களுக்கு இந்த முறை தெரியாதுன்னு இல்லை. நல்லாவே தெரியும்.

நான் என்ன பண்ணேன், வீட்டுச் சாடியில இருந்து அரைக்கிலோ கல்லுப்பை ஒரு கவர்ல கொட்டி முடிச்சுப் போட்டு, கைப்பையில வச்சுக்கிட்டேன். ஒரு தூக்கு நிறையப் புளிச்சோறு. எங்க வேணா போறேன், என் உப்பைத்தான் தின்பேன்.

ஏர்போர்ட்ல பையை மெஷின்ல விட்டதும் அந்தப் போலீஸ்காரம்மா கவரை வெளியே எடுத்துட்டாங்க. இந்தியில என்னமோ கேட்டாங்க. "உப்பு"ன்னேன். இன்னொருத்தர் வந்தாரு. அவர் கையுறை மாட்டிக்கிட்டு ஒரு கல்லை எடுத்து வெளிச்சத்துல பிடிச்சுப் பார்க்கிறாரு. நான் ஒரு கல்லை எடுத்து என் வாயில போட்டுக் கடிச்சுக் காட்டினேன். தச்சு வாயிலயும் ஒன்னு வச்சேன். அவ மூஞ்சி போன போக்கைப் பார்த்ததும் அந்தம்மா சிரிச்சுட்டாங்க. விட்டுட்டாங்க. என்னைப் பார்த்தா அவங்களுக்குச் சந்தேகம். நான் யார் யாரைச் சந்தேகப்பட்டுக்கிட்டுப் போறேன்னு அவங்களுக்குத் தெரியாது.

அப்புறம் ஒரு லவுஞ்சுக்குப் போகச் சொன்னாங்க. கதவு தானாத் திறக்குது. உள்ளே ஒரே நிசப்தம். பெரிய டாக்டரைப் பார்க்கக் காத்திருக்கிற மாதிரி ஆளுக்கொரு சோபாவுல உட்கார்ந்திருக்காங்க. ஒரு பக்கம் முழுக்கச் சாப்பாடு. பொங்கல், மெதுவடை, முட்டை, கேக்கு, பேர் தெரியாததெல்லாம். வாசல்ல இருந்த பொண்ணு நம்ம பக்கத்துப் பொண்ணுதான், லால்குடியாம். "எவ்வளவும்மா?"ன்னு கேட்டேன்.

"ப்ரீதான் மேடம். எடுத்துக்குங்க."

"ப்ரீன்னா யாரு குடுக்குறா?"

"உங்க டிக்கெட்லயே வந்துடும் மேடம்."

"டிக்கெட் எடுத்தவங்கதான் குடுக்குறாங்க, அப்படித்தானே?"

"அப்படியும் சொல்லலாம் மேடம்."

அப்படித்தான் சொல்லணும். நான் ஒரு மூலையில போயி உட்கார்ந்து என் தூக்கைத் திறந்தேன். நல்லெண்ணெய் வாசனை அந்த ஏசியில சுத்தி வந்துச்சு பாருங்க. கோட்டுப் போட்ட ஒருத்தர் பேப்பரைத் தாழ்த்திப் பார்த்தாரு. எழுந்து போய்ச் சாப்பாட்டு மேஜையை ரெண்டு தடவை சுத்தினாரு. திரும்பி வந்து, "அந்தப் புளியோதரை எந்தப் பக்கம் வச்சிருக்காங்க?"ன்னாரு. நமக்கென்ன, ஒரு தட்டு எடுத்துட்டு வாங்கன்னு ரெண்டு கரண்டி வச்சுக் குடுத்தேன். வழிச்சு நக்கிட்டாரு. கும்பகோணத்துக்காரராம், பேரு ஸ்ரீநிவாசன். நான் யார் உப்பையும் தின்னலை, என் உப்பை ஒருத்தர் தின்னாரு.

ப்ளேன்ல அவருக்குப் பக்கத்து வரிசைதான் எனக்கு. சீட்டா அது? ஒரு அறை. பொத்தானை அமுக்கினா காலு நீளுது, முதுகு சாயுது. கதவு வேற. அடைச்சா யாருக்கும் தெரியாது. எனக்கு அந்தக் கதவு பிடிக்கலை. திறந்தே வச்சுக்கிட்டேன். ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு முட்டி போட்டு உட்கார்ந்து என்னமோ கேட்குது. என்னைப் பார்த்து ஒருத்தி முட்டி போடுறா, அதுவே எனக்குச் சரியாப் படலை. கும்பகோணத்துக்காரர்தான் அந்த இங்கிலீஷைத் தமிழ்ல சொன்னாரு: "என்ன சாப்பிடுவீங்கன்னு கேட்கிறாம்மா."

"உப்புப் போட்டது எதுவும் வேணாம்னு சொல்லுங்க சார்."

அவர் சொன்னாரு. அந்தப் பொண்ணு முகம் அப்படியே இரக்கமா மாறிடுச்சு. என் கையைத் தொட்டுட்டுப் போச்சு. ரத்தக்கொதிப்புக்காரின்னு நினைச்சுட்டாங்க போல. எங்கேயோ தேடிப் பிடிச்சு உப்பே இல்லாம வேகவச்ச காய், சோறு, கோழின்னு ஒரு தட்டுக் கொண்டு வந்துச்சு. நல்லதாப் போச்சுன்னு நான் என் கவரை அவுத்து, கல்லுப்பைப் பொடிச்சு மேல தூவிக்கிட்டேன். அந்தப் பொண்ணு தூரத்துல நின்னு பார்த்துக்கிட்டே இருக்கு. இன்னொருத்தியைக் கூப்பிட்டுக் காட்டுது. கும்பகோணத்து சாரு தலையைத் திருப்பிக்கிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாரு. ஐஸ்கிரீம்ல உப்பு இல்லைன்னு மூணு தின்னேன், அது வேற கதை.

இதுக்கு நடுவுலதான் அந்த முந்திரி வந்தது. சின்னக் கிண்ணத்துல சுடச்சுட வறுத்த முந்திரி, உப்பும் மிளகும் போட்டது. நான் தொடலை. போர்வையை உதறித் திரும்புறதுக்குள்ள இந்தத் தச்சு ஒரு கை அள்ளி வாயில போட்டுக்கிட்டா. யாருக்காக நான் இத்தனை காபந்து பண்றேனோ, அவளே கை நனைச்சுட்டா. விரலை விட்டுத் தோண்டினேன். அவ கத்தினா. நர்ஸ் மாதிரி ரெண்டு பேர் ஓடி வந்து, தொண்டையில அடைச்சிருச்சுன்னு நினைச்சு, பிள்ளையைக் கவுத்துப் போட்டு முதுகுல தட்டுறாங்க. பொலபொலன்னு நாலஞ்சு முந்திரி விழுந்துச்சு. ஒன்னு ரெண்டு உள்ளே போயிருக்கும். எல்லாரும் கை தட்டினாங்க. நான் அழுதேன். பிள்ளை பிழைச்ச சந்தோஷத்துல அழுறேன்னு அவங்க நினைச்சுக்கிட்டாங்க. நான் ரகசியமா என் கல்லுப்புல ஒன்னை எடுத்து அவ நாக்குல வச்சேன். என் உப்பு முதல்ல, அது அப்புறம். கணக்கு நேராயிடுச்சு.

லண்டன்ல இறங்கினா அண்ணி நிக்கிறாங்க. எனக்கு அடையாளமே தெரியலை. வெயில் அடிக்குது, இவங்க காது வரைக்கும் இழுத்துக் கம்பளிக் குல்லா போட்டிருக்காங்க. வாயில மாஸ்க். உடம்பு இளைச்சு, ஜீன்ஸ் பேண்ட்டு தொளதொளன்னு. ஊர்ல எத்தனை நீளச் சடை தெரியுமா அவங்களுக்கு. சீமைக்குப் போனா ஸ்டைல் மாறத்தானே செய்யும். பிள்ளையை வாரி எடுத்துக் கொஞ்சுவாங்கன்னு பார்த்தா, நாலடி தள்ளியே நின்னு கையை மட்டும் ஆட்டுறாங்க. "தச்சு, அத்தைடி, அத்தை"ன்னு. கண்ணுல மட்டும் தண்ணி. எனக்கு அது இன்னும் சந்தேகமாப் போச்சு. ஆசை இருக்கிறவ ஆசையைக் காட்டாம இருந்தா, மனசுக்குள்ள என்னமோ திட்டம் இருக்குன்னுதானே அர்த்தம்?

வீட்டுக்குப் போனா மாடியில ஒரு அறை. எனக்கு ஒரு கட்டில், பக்கத்துல பிள்ளைக்குக் குட்டிக் கட்டில். பொம்மை, சின்னச் சின்னச் சட்டை, எல்லாம் ரெண்டு வயசு, ரெண்டரை வயசு அளவு. மேஜை மேல ஒரு அப்ளிகேஷன் பாரம் இருந்தது. எழுத்துக் கூட்டிப் படிச்சேன். தக்ஷிதான்னு என் பிள்ளை பேரு. பக்கத்துத் தெருவுல சின்னப் பிள்ளைங்களை வச்சுப் பார்த்துக்கிற இடமாம். செவ்வாய்க்கிழமைக்கு நேரா டிக் போட்டிருந்தது. கீழே பெத்தவங்க கையெழுத்துன்னு கோடு. என்ன அண்ணி இதுன்னு கேட்டேன்.

"ஒன்னுமில்ல. நீ கொஞ்ச நாள் இருந்தியான்னா புள்ளைக்கு ஒரு விளையாட்டா இருக்குமேன்னு."

"கொஞ்ச நாள்னா எத்தனை நாள்?"

"ஆடி முடியுற வரைக்கும் இரேன். டிக்கெட்டை எப்ப வேணா மாத்திக்கலாம், அதுக்குத்தான் அந்த டிக்கெட் எடுத்தோம்."

பார்த்தீங்களா? மூணு மாசம். பிள்ளையைப் பழக்கி, பள்ளிக்கூடத்துல சேர்த்து, அப்புறம் அம்மா நீ போயிட்டு வான்னு அனுப்பிடலாம்.

செவ்வாய்க்கிழமை காலையில அண்ணியும் ஆனந்தன் அண்ணனும் ஒரு பையை எடுத்துக்கிட்டுக் கிளம்புவாங்க. சாயந்தரம்தான் வருவாங்க. வந்ததும் அண்ணி கதவைச் சாத்திக்கிட்டுப் படுத்துக்குவாங்க. மறுநாளும் எழ மாட்டாங்க. வக்கீலைப் பார்க்கப் போறாங்கன்னு நான் கண்டுபிடிச்சுட்டேன். தத்து எடுக்கிறதுக்கு அங்க ஆயிரம் சட்டம் இருக்குமே. அலைச்சல் இருக்கத்தானே செய்யும்.

ஆனா சமையல்ல மட்டும் அவங்க என்னை விடலை. மத்த நாள்ல எல்லாம் அடுப்படியில இருந்து கூப்பிடுவாங்க. "இளவரசி, இந்தக் குழம்புல உப்பு சரியா இருக்கான்னு பாரு." எனக்குத் தூக்கிவாரிப் போடும். உப்பு இருக்கா பாருன்னா என்ன, உப்பைத் தின்னுன்னு அர்த்தம். "எனக்கு உப்புப் பார்க்கத் தெரியாது அண்ணி"ம்பேன். எனக்கும் பிள்ளைக்கும் மட்டும் உப்புப் போடுறதுக்கு முன்னாடியே தனியா எடுத்து வச்சுடுங்கன்னு சொல்லிட்டேன். ஆனந்தன் அண்ணன் மட்டும் ஒவ்வொரு வாய்க்கும் தண்ணி குடிச்சுக்கிட்டு, "நல்லாயிருக்கு ராணி"ம்பாரு.

ஒன்பதாம் நாள். நான் சாப்பாட்டு மேஜையில உட்கார்ந்து என் கவர்ல இருந்து உப்பைத் தூவிக்கிட்டிருக்கேன். அண்ணி எதிர்ல வந்து உட்கார்ந்தாங்க.

"ஏம்மா, நானும் கீரனூர்க்காரிதான். நீ கை நனைக்காம இருக்கிறது எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சியா?"

நான் கவரை முடிச்சுப் போட்டேன்.

"நான் கேக்க நெனைச்சது கொஞ்சம் பெரிசுதான். உன் வயசுக்கு அது பாரம்தான். கேக்கல. விடு."

"என்ன கேட்க நினைச்சீங்க அண்ணி?"

"கேக்கலன்னா கேக்கலதான்." சிரிச்சாங்க. "உப்பு நிறையாப் போடாத, ரத்தக்கொதிப்பு வந்துரும்."

நான் ஜெயிச்சுட்டேன் அக்கா. சாயந்தரமே, இவர் ஞாபகமா இருக்கு, ஊருக்குப் போறேன்னேன். ஆனந்தன் அண்ணன் என்னமோ சொல்ல வந்தாரு, அண்ணி கையைக் காட்டி நிறுத்திட்டாங்க. டிக்கெட்டை மாத்தினாங்க. திரும்பி வரும்போதும் அதே படுக்கை சீட்டுதான், குறைக்கலை. நேத்து ஏர்போர்ட்ல என் கையில ஒரு டப்பாவைக் குடுத்தாங்க. "புளிச்சோறு. எங்கம்மா பக்குவம். உப்பு சரியா இருக்கான்னு எனக்குத் தெரியாது. புடிக்கலன்னா கொட்டிடு"ன்னாங்க. கட்டிப் பிடிச்சாங்க. முகத்தைத் திருப்பிக்கிட்டுத்தான் பிடிச்சாங்க. எலும்பா இருந்தாங்க.

அந்த டப்பா இந்தப் பையிலதான் இருக்கு. திறக்கலை. குப்பையில போடலாம்னு ரெண்டு தடவை எடுத்தேன், மனசு வரலை. சோறு இல்லையா.

கதை அவ்வளவுதான். பிள்ளை தப்பிச்சுது. உங்களுக்குக் கால் மரத்துப் போச்சா? முகம் ஒரு மாதிரி இருக்கே.

என்ன கேட்டீங்க? குல்லாவைக் கழட்டிப் பார்த்தியான்னா? இல்லைக்கா, வீட்டுக்குள்ளேயும் போட்டுத்தான் இருப்பாங்க. படுக்கும்போதுகூட. ஒரு ராத்திரி தண்ணி குடிக்க இறங்கி வந்தப்ப, ஒரு துணியைக் கட்டியிருந்தாங்க.

முடியா? முடி... நான் பார்க்கலை. துணி தலையோட தலையா ஒட்டி இருந்தது.

புருவமா? புருவம் இருந்ததே. கருப்பா, நல்லா வில்லு மாதிரி. ஒரு நாள் காலையில மட்டும் இல்லாம இருந்தது. பென்சில்ல வரைஞ்சுக்குவாங்க போலன்னு நினைச்சேன்.

ஏன் கேட்கிறீங்க?

உங்க தங்கச்சியா. அடையாறு ஆஸ்பத்திரியிலயா. இந்த எக்ஸ்ரே கவர் அவங்களோடதா. நான் ஏறினதுல இருந்து இதை மடியில வச்சிருக்கேன், யாருக்கு என்னன்னு உங்களை ஒரு வார்த்தை கேட்கலை பாருங்க. எத்தனை மாசமாக்கா? ம். மருந்து ஏத்தின அன்னைக்கும் மறுநாளும் எழவே மாட்டாங்களா. ம்.

பச்சைப் பிள்ளைங்களைக் கிட்டச் சேர்க்கக்கூடாதா, சளி கிளி ஒட்டிக்கும்னா. அதான் மாஸ்க்கா.

நாக்குல ருசியே தெரியாதா. சர்க்கரையும் உப்பும் ஒரே மாதிரியா.

இல்லைக்கா. இருங்க. அப்படி இருக்காது. எங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சிருக்குமே. அவருக்கும் சொல்லலையா இருக்கும். நேத்து போன்ல மூணு தடவை கேட்டாரு, அக்கா எப்படி இருக்கு, அக்கா எப்படி இருக்குன்னு. நல்லாத்தான் இருக்காங்க, ஸ்டைலா குல்லா எல்லாம் போட்டிருக்காங்கன்னு சொன்னேன்.

மூணு மாசம் கூட இருன்னு கேட்க நினைச்சிருக்காங்க. செவ்வாய்க்கிழமை மட்டும் பிள்ளையை அங்க விட்டுட்டு நான் கூடப் போறதுக்கு. அம்மா இல்லை அவங்களுக்கு. வேற யாரைக் கேட்பாங்க. தம்பியைக் கேட்டா அவர் என்னை அனுப்பி வச்சிருப்பாரு. அனுப்பி வர்றவ வேணாம், தானா சரின்னு வர்றவ வேணும்னுதான் என்கிட்ட கேட்க நினைச்சாங்க.

அக்கா, பிள்ளை உங்ககிட்டயே இருக்கட்டும். அந்தப் பையை மட்டும் இப்படித் தள்ளுங்க. இல்லை, அந்த நீலப் பை.

கெடலை பாருங்க. எண்ணெய் நிறைய விட்டுக் கிளறியிருக்காங்க. கை கழுவக் கொஞ்சம் தண்ணி ஊத்துங்க, ஜன்னலுக்கு வெளியே. போதும்.

ஆத்தாடி.

இல்லை, ஒன்னுமில்லை. உப்பு. ரெண்டு மடங்கு போட்டிருக்காங்க. மூணு மடங்குகூட இருக்கும். வாயில வைக்க முடியலை. ஆனந்தன் அண்ணன் இதைத்தான் தினமும் தின்னாரு போல, தண்ணியைக் குடிச்சுக் குடிச்சு.

வேணாம்க்கா, கொட்ட வேணாம். டப்பாவை வாங்காதீங்க. நான் தின்னுடுவேன். ஒரு பருக்கை விடாம தின்னுடுவேன். எனக்காக அன்னைக்கு அந்த ஆறிப்போன கறிக்குழம்பைத் தின்னாங்கள்ல.

உங்க பாட்டிலை மட்டும் குடுங்க. பெரம்பலூர் வர்றதுக்குள்ள இதை முடிச்சுட்டு அவங்களுக்குப் போன் போடணும். அங்க இப்ப விடிஞ்சிருக்கும். இவர்கிட்ட அப்புறம் பேசிக்கலாம், முதல்ல அவங்ககிட்ட. பன்னிரண்டு நாளா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க, நான் பதில் சொல்லலை.

உப்பு சரியா இருக்கு அண்ணின்னு சொல்லணும்.